கார்ட்டூன் பெண் கல் வைக்கவில்லை

அன்றைக்கு எங்கள் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் தாளிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கடுகு வெடிக்கிற சத்தம் மைக்கில் ஏறிவிடுமாம். குக்கர் விசில் அடிக்கக் கூடாது. கரண்டியை அண்டா விளிம்பில் தட்டக் கூடாது. குழாயைத் திறந்தாலும் மெல்லத் திறக்க வேண்டும். கை சும்மா இருந்தால் எனக்கு மனசு சும்மா இராது. கழுவித் துடைத்த தட்டையே எடுத்து மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஜவ்வாது மலைமேல், பிள்ளைகள் தங்கிப் படிக்கிற பள்ளிக்கூடம் அது. நான் அங்கே சமையலுக்கு ஒத்தாசையாக இருக்கிறேன். பிள்ளைகளுக்கு நான் ஆயா. பிள்ளைகளிடம் வாய் ஓயாமல் பேசுவேன். பெரியவர்கள் வந்து நின்றால் நாக்கு உள்ளே போய்விடும். எச்.எம். சார் கூப்பிட்டால்கூட முந்தானையை வாய்மேல் வைத்துக்கொண்டுதான் நிற்பேன். இந்த வயதுக்குமேல் அது மாறப்போவதில்லை.

வந்திருந்தவர்கள் இரண்டு பேர். ஒரு பெண், ஒரு பையன். நகரத்திலிருந்து வந்து, திருப்பத்தூரில் தங்கி, ஜீப் பிடித்து மேலே ஏறியிருந்தார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு கார்ட்டூன் படம் எடுக்கிறார்களாம். மலைப் பிள்ளைகளைப் பற்றிய கதை, மலைப் பிள்ளைகளின் குரலிலேயே. மூன்றாம் வகுப்பு அறையைச் சாத்தி, விடுதிக் கம்பளிகளை எல்லாம் சன்னலில் தொங்கவிட்டு, நடுவில் மைக்கை வைத்திருந்தார்கள். அந்த அறை சமையலறையை ஒட்டினாற்போல் இருக்கிறது. நடுவே ஒரு கதவு. கதவிடுக்கில் எனக்கு எல்லாம் தெரியும், எல்லாம் கேட்கும்.

கார்ட்டூன் எனக்குப் புதுசு இல்லை. பள்ளிக்கூடத்துக்குப் பெரிய டிவி வந்ததிலிருந்து சனிக்கிழமை மத்தியானத்தில் பிள்ளைகளுக்குப் போட்டுவிடுவார்கள். பின்னால் சுவரோரம் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டே நானும் பார்ப்பேன். முதலில் வந்ததெல்லாம் பையன்கள் படம். குண்டுப் பையன், ஒல்லிப் பையன், மீசைக்காரர், திருடன், போலீஸ். காக்கா பேசினால் ஆண் குரல். கரடிக்கும் அணிலுக்கும் ஆண் குரல். ஒரு படத்தில் முட்டை போடுகிற கோழிக்கும் ஆண் குரல். நான் சிரித்ததில் பூண்டுத்தோல் எல்லாம் பறந்தது. பெண் என்று ஒருத்தி வருவாள், தலையில் ரிப்பனோடு. அவளை யாராவது தூக்கிக்கொண்டு போவார்கள். ‘காப்பாத்துங்க’ என்று கத்துவாள். அதோடு அவள் வேலை முடிந்தது.

அப்புறம் காலம் மாறிவிட்டது. இப்போது வருகிற படங்களில் பெண் பறக்கிறாள், அடிக்கிறாள், கம்ப்யூட்டர் தட்டுகிறாள், எதைக் கேட்டாலும் பதில் வைத்திருக்கிறாள். டீச்சர்களுக்கெல்லாம் சந்தோஷம். எனக்கும் சந்தோஷம்தான். ஆனாலும் படம் முடிந்து பிள்ளைகள் எழுந்து போன பிறகு காலில் முள் தைத்த மாதிரி ஏதோ உறுத்தும். என்ன என்று சொல்லத் தெரியாது. பையன் படத்தின் ஆரம்பத்தில் மாங்காய் திருடுவான், பொய் சொல்வான், கடைசியில் அழுது திருந்துவான். அவன் வேறு ஆளாகிவிட்டது நமக்கே தெரியும். அந்தப் பெண் மட்டும் ஆரம்பத்தில் எப்படி இருந்தாளோ கடைசியிலும் அப்படியே. ரிப்பன்கூடக் கசங்கியிருக்காது. இது சரியா தப்பா என்று யாரிடம் போய்க் கேட்பது? பூண்டை அள்ளிக்கொண்டு எழுந்துவிடுவேன்.

அந்த மைக்கின் முன்னால் நின்றிருந்தவள் ஐந்தாம் வகுப்புப் பெண். ஆலங்காயத்திலிருந்து வருகிற பஸ் பாதையில்தான் அவள் ஊர். படம் பார்த்துவிட்டு வந்து கரடி மாதிரி, திருடன் மாதிரி, அந்தக் கோழி மாதிரி எல்லாம் பேசிக் காட்டுவாள். சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டே பேசுவாள். “ஆயா, இன்னைக்கி இன்னா கொழம்பு?” என்று எச்.எம். சார் குரலில் அவள் கேட்க, நான் நிஜமாகவே பதறி முந்தானையை இழுத்திருக்கிறேன். அப்படிப்பட்டவள் போன அறுப்புக்குப் பிறகு வாயை மூடிக்கொண்டாள்.

நடந்தது இதுதான். எங்கள் பக்கம் சாமை அறுத்தால் கதிரும் தாளுமாகக் கொண்டுபோய்த் தார்ரோட்டில் பரப்புவோம். பஸ்ஸும் ஜீப்பும் மேலே ஏறிப் போகப் போக மணி தானாக உதிரும். அப்புறம் தாளை உதறிவிட்டுக் கூட்டி அள்ளித் தூற்றிக்கொள்ள வேண்டியதுதான். கையால் அடிக்கிற வேலை மிச்சம். விடுமுறைக்கு வீட்டுக்குப் போனவளை அவள் அம்மா காவலுக்கு வைத்துவிட்டுக் கூலிக்குப் போயிருக்கிறாள். இவள் என்ன செய்தாள், பரப்பிய தாளைச் சுற்றிலும் பெரிய பெரிய கல்லாகத் தூக்கி வந்து வரிசையாக வைத்துவிட்டாள். கல்லைப் பார்த்த வண்டிக்காரர்கள் எல்லாரும் ஒதுங்கி ஒதுங்கிப் போய்விட்டார்கள். பொழுது சாயும்வரை ஒரு சக்கரம்கூடத் தாள்மேல் ஏறவில்லை.

இதை அவளுடைய பெரியப்பா மகன் வந்து பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டான். அவன் ஏழாம் வகுப்பு. அன்றிலிருந்து அவள் பெயர் கல்லுக்காரி. தட்டு வைத்தால், “ஏய், சுத்தி கல்லு வெக்கலியா?” செருப்பு விட்டால், “கல்லுக்காரி, காவல் போடு.” பிள்ளைகள் சிரிக்கிறதுதானே, ஒரு வாரத்தில் ஓய்ந்துவிடும் என்று நினைத்தேன். ஓயவில்லை. அவள்தான் ஓய்ந்தாள். எதைச் செய்தாலும், “சரியா ஆயா?” என்று கேட்டுவிட்டுத்தான் செய்வாள். தட்டைக் கழுவி வந்து காட்டி, “சரியா ஆயா?” பாயை விரித்துவிட்டு, “சரியா ஆயா?” டீச்சர் கேள்வி கேட்டால் தெரிந்த பதிலைக்கூடச் சொல்ல மாட்டாள் என்று கேள்விப்பட்டேன்.

மைக்கோடு ஆட்கள் வருகிறார்கள் என்று தெரிந்தபோது மட்டும் என்னிடம் வந்து மெல்லக் கேட்டாள். “ஆயா, பொண்ணு கொரலு வேணும்ன்றாங்களாம். நான் பேர் குடுக்கட்டா? சரியா வருமா?”

“குடு குடு” என்றேன். மூன்று பெண்கள் பேர் கொடுத்ததில் இவளைத்தான் எடுத்தார்கள். நேற்றுவரை அவளைப் பிடித்திருந்த பயத்தை இது உடைத்துவிடும் என்று இருந்தேன். காலையிலிருந்து எனக்கு நிலைகொள்ளாததற்கு அதுதான் காரணம். தாளிக்காத சாம்பார் எல்லாம் ஒரு சாக்கு.

கதை அண்ணன், தங்கை, ஒரு ஆடு. அண்ணன் குரலுக்கு ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன். அவனுக்கு என்ன அருமையான பேச்சு எழுதியிருந்தார்கள். ஆட்டைக் கட்ட மறப்பான், புத்தகத்தை ஆடு தின்றுவிடும், ‘ஐயோ, கணக்குப் பாடத்த மட்டும் வுட்டுட்டுத் தின்னிருக்கே’ என்று அழுவான். சேற்றில் வழுக்கி விழுவான். பொய் சொல்லி மாட்டிக்கொள்வான். ஒவ்வொன்றுக்கும் அறையில் இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

இவள் பேச வேண்டியது இவ்வளவுதான். “அண்ணா, ஆட்டக் கட்டிப் போட்டுட்டுத்தான் வெளையாடணும்.” “அண்ணா, பொய் சொல்லக் கூடாது.” “அண்ணா, கைய கழுவிட்டுச் சாப்பிடு.”

முதல் தடவை சொன்னாள். “நல்லா இருக்கும்மா, கொஞ்சம் உயிரோட சொல்லு” என்றாள் வந்திருந்த பெண். மறுபடி சொன்னாள். “பயப்படாம சொல்லு.” மறுபடி. ஒவ்வொரு தடவையும் குரல் சின்னதாகிக்கொண்டே போனது. நாலு வார்த்தை சொல்லிவிட்டு, “சரியா மிஸ்?” என்று கேட்டாள். அந்தக் கேள்வியும் மைக்கில் ஏறிவிட்டதென்று வந்திருந்த பையன் தலையைச் சொறிந்தான்.

என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து அடுப்பைப் பார்த்தேன், அடுப்பில் ஒன்றும் இல்லை. வெளியே போய் விறகை எண்ணினேன். திரும்பி வந்து கதவிடுக்கில் நின்றேன்.

பையன் அந்தப் பெண்ணிடம் தணிந்த குரலில் சொன்னது எனக்குக் கேட்டது. “வேணாங்க, சரிப்பட்டு வராது. பசங்க குரல மட்டும் எடுத்துக்கலாம். பொண்ணுக்கு நம்ம டவுன்லயே ஒரு பாப்பா இருக்கு, பாத்துக்கலாம்.”

எனக்குக் கேட்டது என்றால் அவளுக்கும் கேட்டிருக்கும். அவள் தொங்குகிற கம்பளியின் விளிம்பை முறுக்கிக்கொண்டு நின்றாள்.

டீ கொடுக்கிற நேரம். தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். டம்ளரை வைத்துவிட்டு வந்துவிட வேண்டியதுதானே. கால் வரமாட்டேன் என்றது. அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்து, “என்ன பாட்டிம்மா?” என்றாள்.

“அந்தப் பாப்பா ஒரு தப்புகூடப் பண்ணலியே” என்றேன் முந்தானைக்குள்.

“எந்தப் பாப்பா?”

“படத்துல வர்ற பாப்பா. ஆடுகூட பொஸ்தகத்தத் தின்னுது.”

பையனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பெண் சிரிக்கவில்லை. நல்ல பெண். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னாள். “பாட்டிம்மா, நீங்களே பாத்திருப்பீங்க. எல்லாப் படத்துலயும் பொண்ணுன்னா அழுவுறவ, பயப்படுறவன்னே காட்டிட்டாங்க. அதனாலதான் நாங்க பாதிக்குப் பாதி பொண்ணுங்க வர்ற மாதிரி எண்ணி எண்ணி எழுதுனோம். ஆடுகூட பொட்டை ஆடுதான். பாப்பாவ அறிவாளியா காட்டுறோம். அது நல்லதுதானே?”

“நல்லதுதாம்மா” என்றேன். நல்லதுதான். அப்புறமும் நின்றேன். “அறிவு எங்கேர்ந்து வந்துது அதுக்கு?”

என் காதுக்கே அது எடக்காகக் கேட்டது. நான் எடக்காகக் கேட்கவில்லை. எனக்குத் தெரியவில்லை, அதனால் கேட்டேன். சமாளிக்க வேண்டுமே என்று வாய் தன்பாட்டுக்கு ஓடியது. “இந்தப் பொண்ணே பாருங்க, சாமத்தாளச் சுத்தி ரோட்டுல கல்லு வெச்சிட்டு, ஒரு வண்டியும் ஏறாம…”

அவள் அங்கேயே நிற்கிறாள் என்பது சொல்லி முடித்த பிறகுதான் என் புத்தியில் தட்டியது. பெரியப்பா மகன் பள்ளிக்கூடத்துக்குச் சொன்னான். நான் வெளியூர் ஆட்களுக்கே சொல்லிவிட்டேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசும். “இன்னாத்துக்கு ஆயா சொன்ன?” என்றாள். அப்புறம் குரல் உயர்ந்தது. “உனுக்கு இன்னா தெரியும்? நான் ஒண்ணும் சும்மா வெக்கல.”

“ஏம்மா வச்சே?” என்றாள் அந்தப் பெண். கையால் பையனுக்கு ஏதோ சைகை காட்டினாள். அவன் ஒரு பொத்தானைத் தட்டினான்.

“முந்தின வருசம் பஸ்ஸு வேகமா போயி பாதித் தாளு ஓடையில வுழுந்துடுச்சி. எங்கம்மா ஓடையில எறங்கி எறங்கி எடுத்தாங்க. காலெல்லாம் முள்ளு. அதான் நான் கல்லு வெச்சேன். கல்லு சின்னதா இருந்தா வண்டிக்காரங்களுக்குத் தெரியாதுன்னு பெருசா பாத்துத் தூக்கினு வந்தேன். ஒரு கல்லு என்னால முடியல, உருட்டினே வந்தேன்.” மூச்சு வாங்கியது. “மொதல்ல பால் வண்டி வந்துச்சி. ஒதுங்கிப் போச்சி. அப்புறம் பஸ்ஸு. டிரைவர் மாமா கல்லப் பாத்துட்டு ஸ்லோ பண்ணாரு. ஒதுக்கினு போயி டாட்டா காமிச்சாரு. நானும் காமிச்சேன். எனுக்கு ஒரே சந்தோசம், எல்லாரும் எவ்ளோ மரியாதையா போறாங்கன்னு.”

பையன் சத்தம் வராமல் குலுங்கினான். இந்தத் தடவை அது வேறு சிரிப்பு. அவளும் அதைப் பார்த்துவிட்டாள். குரல் மாறியது. பழைய குரல், வரிசையில் நின்று கரடியும் கோழியும் பேசுகிற குரல். டிரைவர் மாமா எப்படித் தலையை வெளியே நீட்டினார் என்று நீட்டிக் காட்டினாள்.

“சாயங்காலம் அம்மா வந்து தாளத் தூக்கி ஒதறிப் பாத்தாங்க. ஒரு மணிகூட உதுரல. அப்படியே ரோட்டுல உக்காந்துட்டாங்க. என்னப் பாத்தாங்க, கல்லப் பாத்தாங்க, சிரிச்சாங்க. சிரிச்சினே முதுவுல ஒண்ணு வெச்சாங்க.”

“அப்புறம்?”

“அப்புறம் இன்னா? மறுநாளு எல்லாக் கல்லையும் நான்தான் எடுத்துப் போட்டேன். சக்கரம் ஏறுனாதான் மணி உதுரும். பஸ்ஸு அப்பவும் ஒதுங்கப் பாத்துச்சி. நேத்து மாதிரியே இன்னைக்கும்னு நெனச்சிகினாரு டிரைவர் மாமா. நான் நடுரோட்டுல நின்னு ரெண்டு கையயும் ஆட்டினேன். மேல ஏத்து மாமா, மேல ஏத்துன்னு. ஏத்துனாரு. ஆரன் அடிச்சினே ஏத்துனாரு. ஓடைப் பக்கம் நான் பாய விரிச்சி வெச்சிருந்தேன், தெறிச்சதெல்லாம் அதுல வந்து வுழுந்துச்சி.”

இந்த மறுநாள் கதை எனக்குத் தெரியாது. பெரியப்பா மகன் இதைச் சொல்லவில்லை. அவன் கல்லோடு நிறுத்திக்கொண்டான், நாங்களும் அங்கேயே நின்றுவிட்டோம்.

அந்தப் பெண் எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். “இதையே படத்துல வச்சிக்கலாமா? நீ இப்ப பேசுன மாதிரியே?” என்றாள். அவள் ‘சரியா மிஸ்’ என்று கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். மறுபடி ஒரு தடவை முழுசாகச் சொல்லச் சொல்லிப் பதிந்தார்கள். அதற்குப் பிறகு, கிளம்புகிற நேரத்தில், பையன் அந்த ஆறாம் வகுப்புப் பையனையும் கூப்பிட்டான். “தம்பி, அதே கதைய நீயும் ஒரு வாட்டி சொல்லு. எதுக்கும் இருக்கட்டும்.”

அவனும் சொன்னான். நன்றாகத்தான் சொன்னான். எதற்கும் இருக்கட்டும் என்றால் எதற்கு என்று எனக்குள் ஒரு பூச்சி ஊர ஆரம்பித்தது. கேட்கவில்லை. அன்றைக்குப் பேச வேண்டியதற்கு மேலேயே பேசிவிட்டேன்.

ஜீப் இறங்கிப் போனதும் முதல் வேலையாகக் கடுகைத் தாளித்துக் கொட்டினேன். அவள் தட்டோடு வந்தாள், ஒன்றும் பேசாமல் வாங்கிக்கொண்டு போனாள். என்மேல் கோபம் தீர மூன்று நாலு நாள் ஆனது. அப்புறம் ஒரு காலையில் வந்து எச்.எம். சார் குரலில், “ஆயா, உப்பு பத்தல” என்றாள். தீர்ந்தது.

அதற்கப்புறம் படம் எப்போது வரும், எப்போது வரும் என்றுதான் பேச்சு. மழைக்காலம் முழுக்க அவள் கேட்டாள். கல்லுக்காரி என்று யாராவது கூப்பிட்டால், “இரு, டிவில வருவேன், அப்ப பாத்துக்கோ” என்று பதில் சொல்லப் பழகியிருந்தாள். அந்தப் பையன் பதிந்துகொண்டு போன இரண்டாவது குரல் எங்கே இருக்கிறது, யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்? அரிசி களையும்போது அந்த நினைப்பு வரும், தண்ணீரோடு அரிசியும் கொஞ்சம் போய்விடும். சமையல்கார அம்மா திட்டுவார். “இன்னா யோசனையோ, யாருக்குத் தெரியும்” என்பார்.

தீபாவளி முடிந்து பள்ளிக்கூடம் திறந்த பிறகு ஒரு நாள் அந்தப் பெண் தனியாக வந்தாள், படத்தை எடுத்துக்கொண்டு. பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்து, அவர்களுக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு போக வேண்டுமாம். எல்லாரையும் டிவி முன்னால் உட்கார வைத்தார்கள். எங்கள் பெண் முன்வரிசையில், எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையோடு. நான் பின்னால், சுவரோரம்.

நம் மலை அப்படியே வந்திருந்தது. தார்ரோடு, வளைவு, ஓடை, பலாமரம். அண்ணன், தங்கை, ஆடு. தங்கைக்கு ரிப்பன் இல்லை, அது நன்றாக இருந்தது. அவளுடைய குரலேதான். “கைய கழுவிட்டுச் சாப்பிடு” என்று வந்ததும் பிள்ளைகள் திரும்பி அவளைப் பார்த்தார்கள். அவள் முதுகு நிமிர்ந்தது.

அப்புறம் சாமைத்தாள் வந்தது. கல் வந்தது. கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தது அண்ணன்.

பஸ் ஒதுங்கிப் போனது. டாட்டா காட்டியது அண்ணன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தங்கை ஆட்டோடு வந்து இடுப்பில் கை வைத்து நின்று சொன்னாள். “சக்கரம் ஏறுனாதான் மணி உதுரும்.” அவள் அன்றைக்கு மூச்சு வாங்கச் சொன்ன அதே வார்த்தை. வெட்டி எடுத்து அங்கே வைத்திருந்தார்கள். அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு கல்லை எல்லாம் எடுத்துப்போட்டான். நடுரோட்டில் நின்று கையை ஆட்டினான். பஸ் ஏறியது. அண்ணன் புது ஆளாகிவிட்டான். தங்கை எப்போதும்போல் சரியாக நின்றாள்.

எனக்கு அப்போது புரிந்தது, எத்தனையோ சனிக்கிழமையாக உறுத்திக்கொண்டிருந்தது எது என்று. அவள் கல்லைத் தூக்கித் தூக்கி, அடி வாங்கி, ரோட்டில் நின்று கற்றுக்கொண்ட ஒரு வார்த்தை. அதைப் பிறக்கும்போதே தெரிந்துகொண்டு வந்தவள் மாதிரி அந்தப் பொம்மையின் வாயில் வைத்துவிட்டார்கள். கல்லை வாங்கிக்கொண்டார்கள். கல் இல்லாமல் அந்த வார்த்தைக்குக் கனம் ஏது?

படம் முடிந்ததும் எச்.எம். சார் கைதட்டினார். “நல்லா இருக்கு. பொண்ணு எவ்ளோ விவரமா இருக்கா பாருங்க” என்றார். அந்தப் பெண் பிள்ளைகளைப் பார்த்து, “பிடிச்சிருக்கா?” என்றாள். பிடித்திருக்கிறது என்று எல்லாரும் கத்தினார்கள். அவள் பெரியப்பா மகன் மட்டும் பின்வரிசையிலிருந்து, “மிஸ், அது அவ வெச்ச கல்லு” என்றான். கேலியாகச் சொன்னானா, நிஜமாகவே அவளுக்காகச் சொன்னானா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அவள் தலை குனிந்துகொள்வாள் என்று நினைத்தேன். எனக்கு எழுந்து அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. அதற்குள் அவளே எழுந்து நின்றாள்.

“ஆமா மிஸ். அது என் கல்லு. நான்தான் வெச்சேன்.”

அந்தப் பெண்ணின் முகம் சிவந்துவிட்டது. “தெரியும்டா கண்ணு. நான் உன்னத்தான் வச்சேன் மொதல்ல. மேல இருக்கறவங்க பாத்தாங்க. இப்பத்தான் பொண்ணுங்கள நல்லா காட்ட ஆரம்பிச்சிருக்கோம், இதுல போயி அவள அசடா காட்டுனா திட்டு வரும்னு சொன்னாங்க. உன்ன நல்லா காட்டணும்னுதான் மாத்துனாங்க.”

“நான் அசடு இல்ல மிஸ்” என்றாள் அவள். சண்டைக்காரி மாதிரி இல்லை, விவரம் சொல்கிற மாதிரி. “மறுநாளு நான்தானே எடுத்தேன்.”

எச்.எம். சார் தொண்டையைச் செருமினார். “அவ சொல்றது நெசம்மா” என்றேன் நான். முந்தானை கையில்தான் இருந்தது, வாய்மேல் இல்லை. அவ்வளவுதான் சொன்னேன்.

போகும்போது அந்தப் பெண் சமையலறைப் பக்கம் வந்தாள். “மறுபடியும் கேட்டுப் பாக்குறேன் பாட்டிம்மா. ரெண்டு குரலும் எங்கிட்ட இருக்கு” என்றாள். கேட்டிருப்பாள். அவள் பொய் சொல்கிற பெண் இல்லை. மாற்றிய படம் மட்டும் இதுவரை வரவில்லை. ஒவ்வொரு தடவை ஜீப் சத்தம் கேட்கும்போதும் எட்டிப் பார்க்கிறேன். வருகிறது வேறு ஆளாக இருக்கும், சத்துமாவு மூட்டையாக இருக்கும்.

அவள் இப்போது ஆறாம் வகுப்பு. கல்லுக்காரி என்றுதான் இன்னும் கூப்பிடுகிறார்கள். அவளும் திரும்பிப் பார்க்கிறாள். எனக்குத்தான் அந்தப் பேரைக் கேட்டால் இன்னும் ஒரு பக்கம் வலிக்கிறது, அவளுக்கு வலிப்பதாகத் தெரியவில்லை. “சரியா ஆயா?” என்பது நின்றுவிட்டது. போன வாரம் உப்புக்குப் பதில் சோடா மாவைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, “அய்ய, மாத்தித் தந்துட்டேனா” என்று சிரித்துக்கொண்டே ஓடினாள்.

சனிக்கிழமை மத்தியானம் ஒன்றாம் வகுப்புக்கு அந்தப் படத்தைப் போடுகிறார்கள். புதுசாகச் சேர்ந்த பிள்ளைகள், வீட்டை நினைத்து அழுகிறவர்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ள அவளை விடுகிறார்கள். முதல் தடவை நான் எதேச்சையாக அந்தப் பக்கம் போனேன். டிவியில் படம் ஓடுகிறது, சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டாள். பக்கத்தில் நின்றுகொண்டு அவளே பேசுகிறாள். அண்ணன் கல்லைத் தூக்கினால், “ஒரு கல்லு என்னால முடியல, உருட்டினே வந்தேன்” என்கிறாள். டிரைவர் மாமா, பால் வண்டி, அம்மா, ஆடு, எல்லாரையும் அவளே பேசுகிறாள். தங்கை வாயைத் திறந்தால் மட்டும் பேச்சு இல்லை. அந்த இடத்தில் அவள் ஆடாகக் கத்துகிறாள்.

நேற்றும் போட்டார்கள், அவளும் பக்கத்தில் நின்று பேசினாள். நான் கதவோரம் பூண்டோடு உட்கார்ந்திருந்தேன். நெருப்பில் பருப்பு இருந்தது, எழுந்து போய்க் கிளற வேண்டும், எழ மனசில்லை. கால்சட்டை போட்ட அந்த அண்ணன் ரோட்டு வளைவில் கல்லோடு வந்ததும், முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு சின்னக் குட்டி விரலை நீட்டிப் பக்கத்துக் குட்டியிடம் சொன்னது.

“தா பாரு, அக்கா வந்துட்டா.”